கணிப்பொறி எந்த மொழியில் கேட்கிறது?

1956 நவம்பர் 1-ஆம் நாள் வகுக்கப்பெற்ற எல்லையின்படி விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குச் செல்வோர், இரு மொழியும் வல்லவர் பலரைக் காண்பர். அவர்களிடம் ‘வெள்ளம்’ என்று சொன்னால், தமிழாகக் கேட்பவர் ஆற்றுப் பெருக்கை நினைப்பார். மலையாளமாகக் கேட்பவர் குடிக்கத் தண்ணீர் கொணர்வார். சொல் ஒன்றே, பொருள் கேட்கும் நிலையைப் பொறுத்தது.

நம் மேசைமேலுள்ள கணிப்பொறிகள் பலவற்றின் செயலியும் இவ்வாறே இருமொழி அறிந்தது. 2003-இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆப்டெரான் செயலி, பழைய 32 பிட் நிரல்களையும் புதிய 64 பிட் நிரல்களையும் ஒருங்கே இயக்கியது. பின்னர் இன்டெல் நிறுவனமும் அவ்வழியே வந்தது. ஆகவே, செயலி அகன்றது என்பதால் அதில் ஓடும் நிரலும் அகன்றது என்று கொள்ளலாகாது.

நிலையை அறிவது எங்ஙனம்? பதினாறடி எண் முறையில் 40 என எழுதப்பெறும் பைட் ஒன்று உண்டு. 32 பிட் நிலையில் அதன் பொருள், ‘எண்ணறையில் ஒன்றைக் கூட்டுக’ என்பது. 64 பிட் நிலையிலோ அது தனிக் கட்டளையன்று. அடுத்த கட்டளைக்கு வெறும் முன்னொட்டு. எண்ணறையைச் சுழியமாக்கி, இந்தப் பைட்டை வைத்து, அதன்பின் ஒன்றும் செய்யாத கட்டளையொன்றையும் வைத்தால், விடை 1 ஆயின் குறுகிய நிலை. 0 ஆயின் அகன்ற நிலை.

நிரல் எழுதாதோர்க்கு எளிய வழியும் உண்டு. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் ‘பிளாட்பாரம்’ என்ற பத்தியைச் சேர்த்தால், ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே 32 அல்லது 64 எனக் காணலாம்.

இதனால் பயன் யாது? 32 பிட் முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 மட்டுமே. அதாவது நான்கு ஜிகாபைட். அதனினும் முக்கியமானது காலக்கணக்கு. பழைய 32 பிட் நிரல்கள் பல, 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகின்றன. அவ்வெண்ணிக்கை 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு, இந்திய நேரப்படி, நிரம்பிவிடும். அடுத்த நொடியை அவை 1901 டிசம்பர் எனக் கொள்ளும். இருபதாண்டுத் தவணைக் கடனுக்கு இன்று முடிவு நாள் கணிக்கும் நிரல், அவ்வெல்லையை இப்பொழுதே தொட்டுவிடுகிறது.

பிறமாநிலங்களில் கடையும் கணக்கும் நடத்தும் நம்மவர் கருதத்தக்கது இதுவே. புதுப் பொறி வாங்கியதோடு அமையாது, அதில் ஓடும் பழைய கணக்கு நிரல் எந்நிலையில் உள்ளதெனப் பார்த்தல் வேண்டும். 32 எனத் தெரிந்தால் நிரலைத் தந்தவரிடம் 2038-ஐப் பற்றிக் கேட்க வேண்டும். 64 எனத் தெரிந்தாலும், கோப்பில் தேதியை எழுதும் முறையையும் ஒருமுறை வினவிக்கொள்வது நலம்.