காலி இருக்கையின் கணக்கு

சாயங்காலச் சந்தைக்குக் கடை கட்டும் நேரத்தில் போனால் கத்தரிக்காய் பாதி விலைக்குக் கிடைக்கும். விடிந்தால் வாடிவிடும் என்று வியாபாரிக்குத் தெரியும். விமான இருக்கையின் பாடு அதைவிட மோசம். கதவைச் சாத்திய நொடியில் அது செல்லாக்காசு. ஆனாலும் லண்டன் ஹீத்ரோவிலிருந்து நாளைக் காலை நியூயார்க் போக இன்று ராத்திரி டிக்கெட் தேடிப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பே வாங்கியவர் கொடுத்ததைவிடப் பெரும்பாலும் பல மடங்கு கேட்பார்கள். இருக்கை காலியாகப் பறந்தாலும் பறக்குமே தவிர, விலை இறங்காது.

இது வீம்பு போலத் தெரியும். ஆனால் பின்னால் சுத்தமான கணக்கு இருக்கிறது. பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972இல் அதை எழுதி வைத்தார். ஒரே ஓர் இருக்கை மிச்சம் என்று வையுங்கள். இப்போதே 200 டாலர் தர ஒருவர் தயார். கடைசி நாளில் 800 டாலர் கொடுக்கக்கூடிய ஆள் வருவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று. விற்கலாமா? மூன்று பயணங்களிலும் 200க்கு விற்றால் மொத்தம் 600. மூன்றிலும் மறுத்துக் காத்திருந்தால், சராசரியாக இரண்டு தடவை இருக்கை காலி, ஒரு தடவை 800. ஆக, மூன்றுக்கு இரண்டு தடவை வெறும் இருக்கையைச் சுமந்து பறப்பவருக்குத்தான் லாபம்! வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே மலிவு விலைக்குக் கதவு திறக்கும்.

கடைசி நேரத்தில் வருபவர் யார் என்பதில்தான் சூட்சுமம். திடீரென்று கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட அதிகாரி, சாவுச் செய்தி கேட்டவர், விசா தாமதமாகக் கைக்கு வந்தவர். இவர்களால் பேரம் பேச முடியாது. கொஞ்சம் இரக்கமில்லாத கணக்குதான்.

இந்தக் கணக்கை நடத்துவது எழுத்துகள். எகானமி வகுப்பு முழுவதும் ஒரே இருக்கை, ஒரே சாப்பாடு. ஆனால் கணினிக்குள் அது ஒய், பி, எம் என்று பல எழுத்துகளாகப் பிரிந்து கிடக்கிறது. எழுத்துக்கொரு விலை, எழுத்துக்கு இத்தனை இருக்கை. 21 நாள், 14 நாள், 7 நாள் முன்னதாக வாங்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் மலிவு எழுத்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கு ஒரு நிறுவனத்தையே சாய்த்திருக்கிறது. நியூவார்க்கிலிருந்து மிக மலிவாகப் பறந்த பீப்பிள் எக்ஸ்பிரஸை எதிர்த்து, ராபர்ட் கிராண்டல் தலைமையிலான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985 ஜனவரியில் அடிமாட்டு விலைக்கு இறங்கியது. அதுவும் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு, முன்கூட்டி வாங்குபவருக்கு மட்டும். மீதியைக் கடைசி நேரத்துக்காரர்களுக்கென்று கணினி காவல் காத்தது. அப்படிப் பிரித்து விற்கும் கணினி வசதி பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் இல்லை. 1987இல் அது கான்டினென்டல் ஏர்லைன்ஸோடு கரைந்துபோனது.

அப்படியானால் கடைசி நேர மலிவு நடக்கவே நடக்காதா? நடந்திருக்கிறது. அவசரக்காரரையும் சாவகாசக்காரரையும் பிரிக்க ஒரு வேலி கிடைத்தால் போதும். 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் நடத்திய ஸ்கைட்ரெயின் என்ற விமானச் சேவை லண்டன் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டுக்குக் கூட்டிப் போனது. முன்பதிவு கிடையாது, அன்றைக்கே வந்து வரிசையில் நிற்க வேண்டும். நாளைக்குக் கூட்டம் இருப்பவர் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று வரிசையில் நிற்பாரா? வரிசைதான் வேலி. ஆனால் 1982இல் லேக்கரின் நிறுவனம் திவாலானது. 1998இல் அமெரிக்காவில் வந்த பிரைஸ்லைன் என்ற இணையதளம் வேறொரு வேலி போட்டது: விலையைப் பயணியே சொல்ல முடிந்தது, ஆனால் எந்த நிறுவனம், எத்தனை மணி விமானம் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. எனக்கு இது லேக்கரின் வரிசையைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

இன்றைக்கு லண்டனில் டிக்கெட் தேடுபவரும் அவசரக்காரர் ஒதுக்கும் பக்கமாகப் போய்ப் பார்ப்பது நல்லது. ஹீத்ரோ என்று போடாமல் லண்டன் என்று நகரத்தின் பெயரைப் போட்டால் கேட்விக், ஸ்டான்ஸ்டெட் எல்லாம் சேர்ந்து வரும். நேர் விமானத்தை விட்டு டப்ளினிலோ ரேக்யவிக்கிலோ மாறிப் போவது பல நாள் மலிவு. டப்ளினில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையும் அங்கேயே முடிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களைவிட கிறிஸ்துமஸ் அன்றைக்கு விலை பெரும்பாலும் குறைவு. குடும்பமாகப் போகிறவர்கள் ஆள் எண்ணிக்கையை மாற்றிப் போட்டும் தேட வேண்டும். மலிவு எழுத்தில் மூன்று இருக்கை மிச்சமிருக்கும்போது நான்கு பேருக்குக் கேட்டால், பொதுவாகக் கணினி நான்கு பேருக்குமே அடுத்த எழுத்தின் விலையைக் காட்டும். மூன்று பேருக்கு ஒரு டிக்கெட், ஒருவருக்குத் தனியாக ஒன்று என்று போட்டால், மூன்று பேர் பழைய விலைக்கே போய்விடலாம்.