குழாய்த் தண்ணீர் பிறக்கும் காட்டில் நான்கு நாள்

மழைக்காடு, மேகக்காடு, கடற்கரை: பெங்களூரிலிருந்து ஒரு சுற்றுப்பயணம்

பெங்களூர்த் தமிழர்களுக்கு லீவு என்றால் ஊர்தான். பொங்கலுக்கு ஒரு முறை, சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு முறை. மிச்ச லீவு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கரைந்துவிடும். ஆலைத் தொழிலாளியானாலும் ஆபீஸ் குமாஸ்தாவானாலும் கணக்கு இதுதான். பிழைக்க வந்த மாநிலத்தில் முப்பது ஆண்டு இருந்தும் லால்பாக், மைசூர் அரண்மனை, பிருந்தாவனம் தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள் ஏராளம்.

ஆனால், பெங்களூரில் ஓர் இரவு ரெயில் ஏறினால், மறுநாள் காலையிலேயே தென்னிந்தியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் காடுகளில் ஒன்றில் நிற்கலாம். அங்கிருந்து மேகம் தவழும் மலை. மலையிலிருந்து இறங்கினால் அரபிக்கடல். இத்தனைக்கும் நான்கு நாள் லீவும், இரண்டாம் வகுப்பு டிக்கெட்டும், பஸ் கட்டணமும் போதும்.

அந்தக் காடு வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல. பெங்களூர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் ஒரு பங்கு அந்த மலைத் தொடரில்தான் பிறக்கிறது.

ராஜநாகத்தின் ஊர்

ஷிமோகாவில் இறங்கி, தீர்த்தஹள்ளி வழியாகச் சென்றால் ஆகும்பே. சின்னஞ்சிறு ஊர். ஆனால் பெயர் பெரியது. "தென்னாட்டுச் சிரபுஞ்சி" என்று அதை அழைக்கிறார்கள். பெங்களூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் ஒரு மீட்டர். ஆகும்பேயில் 7 மீட்டருக்கும் மேல்!

இந்த ஊரைப் பலர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், தங்களுக்குத் தெரியாமலே! சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயணனின் கதைகளைச் சங்கர் நாக் "மால்குடி டேஸ்" என்ற டெலிவிஷன் தொடராக எடுத்தார். 1986-ல் ஒளிபரப்பான அந்தத் தொடரின் தெருவும் திண்ணையும் ஆகும்பேயில் படம் பிடிக்கப்பட்டவை.

காட்டுக்குள் நுழைந்தால் பட்டப்பகலிலும் மாலை நேரம் போல இருக்கும். உச்சிக் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரை போட்டிருப்பதால் வெயில் தரையில் விழுவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவும் மலை அணில், விலாவிலுள்ள தோலை விசிறி போல விரித்துச் சறுக்கும் பறக்கும் ஓணான், கால் விரல்களுக்கிடையே சவ்வுள்ள பறக்கும் தவளை ஆகியவற்றைப் பொறுமை உள்ளவர்கள் காணலாம். பள்ளிக்கூடத்துப் பையன் சீழ்க்கை அடிப்பது போல ஓடைக்கரையில் சத்தம் கேட்டால் ஏமாந்துவிடக் கூடாது. அது ஒரு கருநீலப் பறவை, சீழ்க்கைப் பூங்குருவி.

ஆகும்பேயின் ராஜா, ராஜநாகம். பன்னிரண்டு அடிக்கு மேலும் வளரும். மற்றப் பாம்புகளே இதற்கு உணவு. உலகிலுள்ள பாம்புகளில் இலைச் சருகைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடுவது இது ஒன்றுதான். முட்டைகளைப் பெண் பாம்பு காவல் காக்கும். பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேகர் 1971-ல் இங்கேதான் ராஜநாகத்தைக் கண்டார். பிறகு 2005-ல் இதே ஊரில் மழைக்காடு ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் தனி இனம் என்று 2024-ல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அதற்கு வைத்த பெயரிலும் "காளிங்க" என்ற இந்த மண்ணின் சொல்லே இருக்கிறது.

வீட்டுக்குள் ராஜநாகம் புகுந்தால் இவ்வூர் மக்கள் தடியைத் தேடுவதில்லை. பாம்பு பிடிக்கத் தெரிந்தவருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் வந்து பிடித்துக் காட்டில் விட்டுவிடுகிறார். காளிங்கன் தெய்வம் என்ற நம்பிக்கை, சட்டத்தைவிடப் பலமாக அதைக் காப்பாற்றி வருகிறது.

சோலை என்ற தமிழ்ச் சொல்

ஆகும்பேயிலிருந்து சிருங்கேரி. அங்கே துங்கை நதியில் மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டு, குதிரேமுகா மலைக்குப் போகலாம். பக்கவாட்டில் பார்த்தால் குதிரையின் முகம் போலத் தோன்றுவதால் அந்தப் பெயர். உயரம் 1,890 மீட்டருக்குச் சற்று மேல்.

இங்கே காட்டின் முகமே மாறிவிடுகிறது. மலை முதுகெல்லாம் புல்வெளி. இரண்டு மலைகள் சேரும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த குட்டை மரங்கள். மரமெல்லாம் பாசி, பாசியெல்லாம் ஈரம். மேகம் வந்து கிளைகளில் உரச, மழை பெய்யாமலே மரம் சொட்டுகிறது. இதைத்தான் மேகக்காடு என்கிறார்கள். உலகத்து விஞ்ஞானிகள் இந்த வகைக் காட்டுக்கு "ஷோலா" என்று எழுதுகிறார்கள். அது வேறொன்றும் இல்லை, நம்முடைய "சோலை"தான்!

புல்வெளியும் சோலையும் சேர்ந்து பஞ்சு போல வேலை செய்கின்றன. ஆனி, ஆடி, ஆவணியில் கொட்டும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மாசி, பங்குனியிலும் ஓடையாகக் கசியவிடுகின்றன. துங்கை, பத்திரை, நேத்திராவதி என்ற மூன்று நதிகள் இந்த மலைத் தொடரில் பிறக்கின்றன.

காட்டெருமையும் மிளாவும் புல்வெளி ஓரத்தில் மேயும். கீழே பள்ளத்தாக்குக் காட்டில் சிங்கவால் குரங்கு. கறுத்த உடல், முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எங்கும் இது இல்லை. பெரும்பாலும் மரத்திலேயே வாழும். காட்டை நடுவில் வெட்டிவிட்டால், வெட்டிய இடத்தைத் தாண்ட வழி தெரியாமல் கூட்டம் தனித்துப் போய்விடும்.

மூடிய சுரங்கம்

இதே மலையில்தான் 1976-ல் இரும்புத் தாதுச் சுரங்க நிறுவனம் தொடங்கப்பட்டது. ஈரான் நாட்டுக்குத் தாது அனுப்புவதுதான் திட்டம். 1979-ல் அங்கே புரட்சி வந்தது. வாங்க வேண்டியவர்கள் வாங்கவில்லை. ஆனாலும் வேறு நாடுகளைத் தேடிச் சுரங்கம் நடந்தது. தாதுவை அரைத்துக் குழம்பாக்கி, 67 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாக மங்களூர்த் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள்.

1987-ல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்கா ஆனது. காட்டின் நடுவே வெடி வைப்பதா, மண் கரைந்து பத்திரை நதியில் சேர்வதா என்று வழக்கு வந்தது. சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் தீர்ப்பு அளித்தது. 2005-ஆம் ஆண்டு கடைசி நாளோடு சுரங்கம் நின்றது. குடியிருப்பு காலியானது.

வேலை போவதன் வலி தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோலார் தங்கவயல் 2001-ல் மூடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பெங்களூருக்குத் தினசரி ரெயிலில் வேலை தேடி வரத் தொடங்கின. அங்கே நஷ்டம் காரணம். இங்கே காடு காரணம். இழந்தவன் வீட்டில் அடுப்பு இரண்டிலும் ஒன்றுதான். குதிரேமுகாவின் புல்வெளியைப் பார்த்து மகிழ்கிறவர்கள், அதற்கு விலை கொடுத்த தொழிலாளி ஒருவன் இருந்தான் என்பதையும் நினைக்க வேண்டும்.

2012-ல் யுனெஸ்கோ, மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. குதிரேமுகாவும் அதில் ஒன்று.

கடலில் கல் தூண்கள்

மலை இறங்கினால் கார்க்களா, உடுப்பி. கிருஷ்ணரைத் தரிசித்துவிட்டு மால்பே துறைக்குப் போனால், செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு உண்டு. மழைக்காலத்தில் படகு ஓடாது.

தீவு முழுவதும் கருங்கல் தூண்கள். சிற்பி செதுக்கியது போல ஆறு பட்டை, ஐந்து பட்டை. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்து விலகிய காலத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பு, ஆறி வெடித்துத் தூண் தூணாக நின்றுவிட்டது. தலைக்கு மேல் கருடனும் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகும் வட்டமிடும். அதிர்ஷ்டம் இருந்தால் படகின் பக்கத்தில் ஓங்கில்கள் துள்ளும்.

உடுப்பியிலிருந்து கொங்கண் ரெயிலில் வடக்கே போனால் ஹொன்னாவர். சராவதி நதி கடலில் கலக்கும் இடம். முகத்துவாரத்துச் சேற்றில் அலையாத்திக் காடு. அதன் நடுவே மரப்பலகைப் பாதை. ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும் நண்டுகளைப் பார்த்துக் குழந்தைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

பக்கத்துக் கடற்கரையில் குளிர்கால மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை. ஏறக்குறைய 50 நாளில் குஞ்சு வெளிவந்து, வெளிச்சம் தெரியும் திசையை நோக்கி ஓடும். கடல்தான் அந்த வெளிச்சம். கரையில் மின்விளக்கு எரிந்தால் குஞ்சுகள் ஊருக்குள் ஓடிச் செத்துப் போகும். மீனவர்களும் வனத்துறையினரும் குழிகளுக்கு வேலி கட்டிக் காக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் டார்ச் அடிப்பதும், படம் பிடிப்பதற்குப் பளிச்சென்று வெளிச்சம் போடுவதும் பாவம்.

கவனிக்க வேண்டியவை

ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். ஈரமான நாட்களில் அட்டைக்கடி நிச்சயம்; உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும். குதிரேமுகா சிகரம் ஏற வனத்துறை அனுமதி வேண்டும்; ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. ஷிமோகா வட்டாரக் காடுகளில் "குரங்குக் காய்ச்சல்" என்ற நோய் உண்டு. 1957-ல் அங்கேதான் முதன்முதலில் கண்டறியப்பட்டது. உண்ணி கடிப்பதால் பரவும். மார்கழி முதல் வைகாசி வரை அதிகம். குரங்கு செத்துக் கிடக்கும் காட்டுப் பக்கம் போகவே கூடாது. உடல் மூடிய உடை நல்லது. குரங்குக்குத் தின்பண்டம் கொடுப்பதும் கூடாது.

57 குகைகள்

திரும்பும்போது மங்களூரிலிருந்து பகல் ரெயிலில் வருவதே முறை. அது ஓடும் நாட்களை விசாரித்துக்கொண்டு லீவு போட வேண்டும். சுப்பிரமணியா ரோடு முதல் சக்லேஷ்பூர் வரை 55 கிலோமீட்டர். அதற்குள் 57 குகைகள், நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். பின்னாலிருந்து தள்ள என்ஜின் பூட்டி, வண்டி ஊர்ந்து ஏறும். ஜன்னல் ஓரம் கிடைத்தவர் பாக்கியசாலி.

1979-ல் மீட்டர் கேஜில் திறந்த பாதை இது. அகலப் பாதையாக்க 1996-ல் மூடினார்கள். பயணிகள் வண்டி திரும்ப ஓடியது 2007 டிசம்பரில்தான். ரெயில் இல்லாத அந்த ஆண்டுகளில் இளைஞர்கள் தண்டவாளத்தில் நடந்து மலையைப் பார்த்தார்கள். இப்போது அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. குகைக்குள் ரெயில் வந்தால் ஒதுங்க இடம் தேட நேரம் இருக்காது.

மலை ஏறியதும் காப்பித் தோட்டங்கள். இந்தப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல உண்டு. விடியற்காலையில் வேலைக்கு நடக்கும் அவர்கள்தான் யானைக்கு நேர் எதிரில் அகப்படுகிறவர்கள். காடு துண்டு துண்டாகிவிட்டதால் யானைக்கும் தோட்டம்தான் வழி. யானை நடமாட்டத்தைக் கைபேசிக்குச் செய்தியாக அனுப்பும் ஏற்பாடும், முக்குகளில் சிவப்பு விளக்கு எரியவிடும் ஏற்பாடும் ஹாசன் மாவட்டத்தில் செய்யப்பட்டன. மைசூர் தசராவில் எட்டு முறை தங்க அம்பாரி சுமந்த அர்ஜுனா, 2023 டிசம்பர் 4-ந்தேதி சக்லேஷ்பூர்ப் பக்கத்தில்தான், காட்டு யானையைப் பிடிக்கப் போன இடத்தில், அதனுடன் மோதி இறந்தது. லட்சக்கணக்கானோர் கும்பிட்ட யானைக்கே அந்தக் கதி என்றால், கூடையுடன் நடக்கும் கூலிப் பெண்ணின் பயத்தைச் சொல்ல வேண்டுமா?

சக்லேஷ்பூரில் ஓடுவது ஹேமாவதி. மலை முகட்டின் மேற்கே விழுந்த மழை மங்களூர் அருகே அரபிக்கடலில் சேரும். கிழக்கே விழுந்தால் ஹேமாவதியில் சேர்ந்து, கொரூர் அணையைக் கடந்து, கிருஷ்ணராஜ சாகரத்தில் காவிரியோடு கலக்கும். அதில் ஒரு பங்கைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவருகிறார்கள்; 1974-ல் தொடங்கிய ஏற்பாடு. மிச்சம் மேட்டூர் போகிறது. தஞ்சாவூர் வயலில் பாய்ந்து, பூம்புகாரில் கடலைத் தொடுகிறது.

ஸ்ரீராமபுரத்துக் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும் தாயும், திருவையாற்றில் நாற்று நடும் அவளுடைய அக்காளும் எதிர்பார்ப்பது ஒரே மலையைத்தான். லீவு போட்டு ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த கோடையில் குழாய் காற்று விடும்போது யாரைக் கேட்பது, எதைக் கேட்பது என்பது தெரிந்திருக்கும்.