படைகளும் உடைகளும் – 9
சிவப்புக் கால்சட்டை

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது பிரெஞ்சுக் காலாட்படை வீரன் நீலக் கோட்டும் பளீரென்ற சிவப்புக் கால்சட்டையும் அணிந்து களத்துக்குப் போனான். எதிரே வந்த ஜெர்மானியன் சாம்பல் நிறத்தில் இருந்தான். கூட்டாளியான பிரிட்டிஷ் வீரனோ காக்கியில்.

அந்தச் சிவப்பு பிரெஞ்சுக் காலாட்படைக்கு வந்தது 1829-இல். மேடர் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம் அது. நம் சாயவேருக்கு உறவுச் செடி. அன்றைக்கு அந்த நிறத்துக்கு நியாயம் இருந்தது. கரிமருந்துத் துப்பாக்கிகள் நாலு முறை வெடித்தால் களம் முழுக்கப் புகை மண்டிவிடும். தன் ஆள் எங்கே நிற்கிறான் என்று தளபதிக்குத் தெரிய வேண்டுமானால் உடை கண்ணைப் பறிக்கத்தான் வேண்டும்.

1884-இல் அந்த நியாயம் போய்விட்டது. புகையில்லா வெடிமருந்தைப் படைக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த பால் வியெய் ஒரு பிரெஞ்சுக்காரர். இரண்டே ஆண்டுகளில் அந்த மருந்தில் சுடும் லெபெல் துப்பாக்கியும் வந்தது. களம் தெளிந்தது, சிவப்பு வெகுதொலைவிலிருந்தே குறியாயிற்று. மருந்தை மாற்றிய நாடு உடையை மாற்றவில்லை.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1911-இல் போர் அமைச்சரான அடோல்ஃப் மெசிமி, மங்கிய பச்சை உடையைச் சோதித்துப் பார்த்தார். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. முன்னாள் போர் அமைச்சர் எத்தியேன், சிவப்புக் கால்சட்டைதான் பிரான்ஸ் என்று முழங்கினார். அதை மாட்டிக்கொண்டு துப்பாக்கிக்கு எதிரே ஓடப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

புதிய துணிக்கான சட்டம் ஒருவழியாக 1914 ஜூலையில் நிறைவேறியது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று கொடியின் மூன்று நிற இழைகளையும் கலந்து நெய்வதாகத் திட்டம். ஆனால் மேடர் வேரின் சாயப்பொருளான அலிசரினை 1868-லேயே ஜெர்மன் வேதியியலாளர்கள் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். மேடர் விவசாயம் அழிந்து, பிரெஞ்சுப் படையின் சிவப்பே ஜெர்மன் ஆலைகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் அது நின்றது. சிவப்பு இழையை விட்டுவிட்டு நெய்தார்கள். வெளிர்நீலத் துணி வந்தது. ‘அடிவான நீலம்’ என்று பெயர் பெற்ற அந்த உடை வீரர்களுக்குக் கிடைக்க 1915 ஆகிவிட்டது.

அதற்குள் 1914 ஆகஸ்ட் 22 கடந்துபோயிருந்தது. அந்த ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டார்கள். கால்சட்டை மட்டுமே காரணமல்ல. பீரங்கி நிறம் பார்ப்பதில்லை. வெட்டவெளியில் நெஞ்சு நிமிர்த்திப் பாயச் சொன்ன போர்முறையும் அவர்களைக் கொன்றது. இரண்டும் ஒரே பிடிவாதத்தின் பிள்ளைகள்.

லூசியேன் பெர்சோவைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. பெசான்சோன் நகரத்தில் குதிரைக்கு லாடம் அடித்தவர். மனைவியும் ஒரு மகளும் உண்டு. படையில் கம்பளிக் கால்சட்டை தீர்ந்துபோய் அவருக்கு மெல்லிய வெள்ளைக் கால்சட்டைதான் கிடைத்தது. 1915 பிப்ரவரிக் குளிரில், பதுங்குகுழியில் நடுங்கியவர் சிவப்புக் கால்சட்டை கேட்டார். செத்துப்போன வீரன் ஒருவனுடையதை, ரத்தக் கறையோடும் கிழிசலோடும் நீட்டினார்கள். போட மாட்டேன் என்றார். முதலில் எட்டு நாள் சிறை என்றார்கள். புதிதாக வந்த வீரர்களுக்குப் பாடமாகட்டும் என்று கர்னல் அவரைப் படை நீதிமன்றத்தில் நிறுத்தினார். பரிந்து பேசப் போன தோழர்களுக்கும் தண்டனை. பிப்ரவரி 13 அன்று சொந்தப் படையே பெர்சோவைச் சுட்டுக் கொன்றது.

1922 ஜூலையில் பிரான்ஸின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது.

(தொடரும்)