பூப்பந்தும் புள்ளிக் கணக்கும்



நம் தோட்டத்து இளைஞர்களுக்குக் காற்பந்து உயிர். எனினும், ஆண் பெண், சிறியவர் பெரியவர் என்ற வேற்றுமையின்றி எல்லாரும் மட்டை பிடிக்கும் ஆட்டம் பூப்பந்துதான். காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரங்களில் லயத்து வாசலில் இரண்டு கம்புகளை நட்டு, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடியவர்கள் நம்மில் பலர். பெரிய போட்டிகள் தொலைக்காட்சியில் வரும்போது நம் வீடுகளில் ஒரு வழக்கும் எழுவதுண்டு. “அந்தக் காலத்துப் பதினைந்து புள்ளி ஆட்டம்தான் ஆட்டம், இப்போது அவசர அவசரமாக முடித்துவிடுகிறார்கள்” என்பார் தாத்தா. “பழைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும் தாத்தா” என்பான் பேரன். “யார் வென்றது என்று காலையில் சொல்லுங்கள், நான் பெரட்டுக்குப் போகவேண்டும்” என்று அம்மா படுக்கப் போய்விடுவார். இம்மூவரில் யார் சொல்வது சரி? விதி ஏன் மாறியது? அதனால் ஆட்டம் பெற்றது என்ன, இழந்தது என்ன? இவற்றை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் பழைய முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். பந்து போட்டது முதல் அது கீழே விழும்வரை நடக்கும் ஆட்டத்தை ‘ஒரு பந்து’ என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில், பந்து போட்டவர் வென்றால்தான் அவருக்குப் புள்ளி. எதிரி வென்றால் அவருக்குப் புள்ளி கிடையாது. பந்து போடும் உரிமை மட்டுமே கிடைக்கும். தாயம் விழாமல் காய் இறங்காது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆடவர் ஆட்டத்தில் 15 புள்ளி ஒரு செட். மகளிர் ஒற்றையரில் 11 புள்ளி. இரட்டையர் ஆட்டத்தில் ஒரு பக்கத்து ஆட்டக்காரர் இருவரும் பந்து போட்டுத் தோற்ற பிறகே உரிமை எதிர்ப்பக்கத்துக்குப் போகும்.

ஆகவே, சமபலம் கொண்ட இருவர் மோதினால், பத்துப் பந்துகள் ஆடியும் பலகையில் எண் அசையாமல் நிற்பதுண்டு. போட்டி எப்போது முடியும் என்று எவராலும் சொல்ல இயலாது. 1996-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்த ஊபர் கிண்ணப் போட்டியில், கொரியாவின் ரா கியுங் மின் இங்கிலாந்தின் ஜூலியா மேனை 6 நிமிடத்தில் வென்றார். மறு ஆண்டு, 1997-இல், கிளாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் டென்மார்க்கின் பீட்டர் ராஸ்முசென் சீனாவின் சுன் ஜுன்னை வெல்ல 124 நிமிடம் பிடித்தது. ஒரே விதி, ஒன்று 6 நிமிடம், மற்றொன்று 124 நிமிடம்! மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவரும் தொலைக்காட்சி நிலையத்தாரும் இதை வைத்துக்கொண்டு எப்படி நேரம் குறிப்பார்கள்?

இதற்கு மாற்றுத் தேடும் முயற்சிகள் நடந்தன. 2002-ஆம் ஆண்டு வாக்கில் 7 புள்ளி கொண்ட ஐந்து செட் ஆட்டம் சோதிக்கப்பட்டது, அது நிலைக்கவில்லை. பிறகு வந்ததுதான் 21 புள்ளி முறை. இதில் நமக்கு ஒரு சிறப்பான தொடர்பு உண்டு. அனைத்துலகப் பூப்பந்து சம்மேளனத்தின் தலைமையகம் 2005-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து நம் கோலாலம்பூருக்கு மாறியது. அச்சம்மேளனத்தின் உயர் பொறுப்பிலிருந்து புதிய முறையைக் கொண்டுவர முன்னின்றவர்களுள் ஒருவர் நம் மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன். 1971-இல் இங் பூன் பீயுடன் சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும், 1974-இல் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கத்தையும் வென்ற வீரர் அவர். 2012-இல் காலமானார். பழைய முறையில் ஆடிப் புகழ்பெற்ற ஒருவரே புதிய முறைக்கு வழிகாட்டினார் என்பது கருதத்தக்கது.

2006-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த அம்முறையில், யார் பந்து போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி. 21 புள்ளி ஒரு செட். 20–20 என்று சமமானால் இரண்டு புள்ளி முந்தவேண்டும். 29–29 வரை போனால் முப்பதாவது புள்ளி எடுப்பவர் வென்றவர். பள்ளிப் பிள்ளைகள் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு செட்டில் குறைந்தது 21 பந்துகள். மிகுந்தால் 30-ம் 29-ம் சேர்ந்து 59. மூன்று செட்டும் அப்படியே போனாலும் 177 பந்துகளுக்கு மேல் போக முடியாது. பழைய முறைக்கு இத்தகைய மேல் எல்லையே இல்லை. புதிய விதியின் உயிர்நாடி இதுதான்.

எல்லாரும் இதை வரவேற்றார்கள் என்று சொல்லமுடியாது. பந்து போடுவதன் மதிப்பே போய்விட்டது என்றார்கள் சிலர். எதிரியை மெல்ல மெல்லக் களைப்பாக்கி வெல்லும் பொறுமைக்கு இடமில்லை என்றார்கள் வேறு சிலர். 1992-இல் கோலாலம்பூரில் இந்தோனேசியாவை 3–2 என வென்று, 25 ஆண்டுகளுக்குப் பிறகு தாமஸ் கிண்ணத்தை நாம் மீட்டது பழைய கணக்கில்தான். அந்த இரவை அனுபவித்தவர்களுக்குப் பழைய முறைமேல் பாசம் இருப்பது இயல்பே. அவர்கள் சொன்ன குறைகளுள் ஒன்று சிந்திக்க வேண்டியது. பழைய முறையில் 14–2 என்று பின்தங்கியவரும் பந்து போடும் உரிமையைத் தட்டிப் பறித்தால், எதிரியின் எண்ணை அங்கேயே நிறுத்திவிட்டுத் தாம் ஏறலாம். புதிய முறையில் ஒரு சிறு தவறும் எதிரிக்குப் புள்ளியாகிறதே, பின்தங்கியவர் எப்படி மீள்வார் என்று கேட்டார்கள்.

அதற்கு விடையும் அதே 2006-ஆம் ஆண்டில் கிடைத்தது. மலேசியப் பொதுப் போட்டியின் இறுதியாட்டம். மூன்றாம் செட்டில் சீனாவின் லின் டான் 20–13 என முன்னணியில் இருந்தார்; அவருக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். நம் லீ சோங் வெய் அங்கிருந்து ஒவ்வொரு பந்தாகப் பிடித்து 23–21 என வென்றார். மீளும் வழி குறுகியதே ஒழிய அடைபட்டுவிடவில்லை என்பதை அந்த ஆட்டம் காட்டியது.

எல்லை போட்டதால் எல்லா ஆட்டமும் விரைவாக முடிகிறதா? அதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில், ஜப்பானிய மகளிர் இணை ஒன்று இந்தோனேசிய இணையை 13–21, 21–19, 24–22 என வெல்ல 161 நிமிடம் ஆனது. அதில் ஆடப்பட்டவை 120 பந்துகள்தாம். இடைவேளைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு புள்ளிக்குச் சுமார் ஒரு நிமிடம் இருபது விநாடி. எத்தனை பந்துகள் என்பதை விதி வரையறுக்கலாம். ஒரு பந்து எவ்வளவு நேரம் நீளும் என்பதை ஆடுவோரே தீர்மானிக்கிறார்கள்.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டை உணரவேண்டும். நீளம் வேறு, தாமதம் வேறு. நல்ல போராட்டம் நீண்டால் எவரும் கொட்டாவி விடுவதில்லை. வியர்வை துடைப்பதும், கயிற்றைச் சரிபார்ப்பதும், பந்தை மாற்றக் கேட்பதுமாக நேரம் கழிந்தால்தான் சலிப்பு உண்டாகிறது. அமெரிக்கர்கள் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில் இதே குறை இருந்தது. 2022-இல் அங்குள்ள பெருஞ்சங்கப் போட்டி ஒன்று சராசரியாக 3 மணி 4 நிமிடம் நடந்தது. 2023-இல், பந்து எறிபவர் 15 அல்லது 20 விநாடிக்குள் எறியத் தொடங்கவேண்டும் என்று கடிகாரம் வைத்தார்கள். சராசரி 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் ஒன்றைக்கூட அவர்கள் வெட்டவில்லை. காத்திருப்பை மட்டுமே வெட்டினார்கள். பூப்பந்திலும் பழைய ஐந்து நிமிட இடைவேளை போய், ஒருவர் 11 புள்ளி எடுத்ததும் 60 விநாடி, செட்டுக்கும் செட்டுக்கும் இடையே 120 விநாடி என்று ஆனது அவ்வகைச் சீர்திருத்தமே.

ஆனால், ஆட்டத்தையே வெட்டலாமா என்னும்போது கருத்து பிளவுபடுகிறது. 11 புள்ளி கொண்ட ஐந்து செட் முறை 2018-இல் பாங்காக்கில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. 2021-இல் மீண்டும் வந்தது. ஆதரவு 187, எதிர்ப்பு 95. மூன்றில் இரு பங்குக்கு 188 வாக்கு வேண்டும். ஒரே ஒரு வாக்கில் அது நின்றுபோயிற்று! 2025-இல் 15 புள்ளி கொண்ட மூன்று செட் முறையைச் சில போட்டிகளில் சோதித்துப் பார்த்தார்கள். செட் சுருங்கச் சுருங்கப் பின்தங்கியவர் மீளும் வாய்ப்பும் சுருங்கும் என்பது நம் கருத்து. தாமதத்தை வெட்டட்டும், வாய்ப்பை வெட்டும்போது நிதானம் வேண்டும்.

ஆகவே தாத்தா, பேரன், அம்மா மூவரிடமும் உண்மை இருக்கிறது. நம் தோட்டப் போட்டிகளுக்கும் இதில் பாடம் உண்டு. எட்டு இணைகள் சேர்ந்தால், தோற்றவர் வெளியேறும் முறையில் 7 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 40 நிமிடம் என்றால், ஒரே களத்தில் 4 மணி 40 நிமிடம். மாலை 5 மணிக்குத் தொடங்கினால் இரவு 9.40 ஆகிவிடும். விடியலில் எழுந்து செம்பனைக் காட்டுக்குப் போகிறவர்கள் இறுதியாட்டத்தைப் பார்க்க முடியாது. முதற்சுற்றுகளை ஒரே செட்டாக வைத்து, இறுதியாட்டத்தை முழுமையாக நடத்தலாம். ஆனால், அதை முதல் பந்து போடுவதற்கு முன்பே எல்லாருக்கும் அறிவித்துவிட வேண்டும். இடையில் விதியை மாற்றினால் வென்றவருக்கும் நிறைவில்லை, தோற்றவருக்கும் நிறைவில்லை.

விதி என்பது ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் இடையே உள்ள உடன்பாடு. அது மாறும்போது, ஏன் மாறுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை லயத்து வாசலில் மட்டை பிடிக்கும் நமக்கும் உண்டு.