தழை போன வழி

"தழையை மிதித்துவிட்டு மறந்துடணும்டா, மண்ணு பார்த்துக்கும்" என்பார் தஞ்சையில் என் தாத்தா. மறக்க முடியாமல்தான் டில்லிக்கு வந்து ஆராய்கிறேன் போலும்!

தக்கைப்பூண்டின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. செடியை மடக்கி உழுதால் அது நெல்லுக்குப் போகிறது என்கிறோம். எவ்வளவு? தழை தந்த நைட்ரஜனும் மண்ணில் முன்பே இருந்ததும் நெல்லுக்குள் ஒன்றுதானே, நண்பர்களே!

இங்கேதான் நைட்ரஜன்-15 உதவுகிறது. சாதாரண அணுவைவிட ஒரு நியூட்ரான் கூடுதல், கதிரியக்கம் இல்லை. இயற்கையில் நூற்றுக்கு 0.37 பங்குதான் உண்டு. அது மிகுந்த உரத்தை ஊட்டித் தக்கைப்பூண்டை வளர்க்கிறோம், மந்தையில் நம் ஆட்டுக்குச் சாயம் பூசுவது போல. தழையில் இயற்கை அளவுக்குமேல் 2 சதவீதமும், பின் நட்ட நெல்லில் 0.2 சதவீதமும் மிகுந்திருந்தால், நெல்லின் நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்கு தழையினுடையது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இதைக் காட்டும்.

சென்ற பருவத்தில், சாயம் பூசிய தழையை அரைத்த எந்திரத்திலேயே நெல்லையும் அரைத்துவிட்டேன். ஒட்டியிருந்த தூசி போதுமே! நான்கு மாத உழைப்பு வீண்.

பொதுவாக, முதற்பயிர் எடுப்பது தழை நைட்ரஜனில் பாதிக்கும் குறைவே. பெரும்பகுதி மண்ணின் மட்கில் தங்குகிறது. கொஞ்சம் காற்றோடு போகிறது. விடுமுறையில் தாத்தாவிடம் சொன்னேன்.

"மிச்சத்தை மண்ணு வச்சிருக்கில்ல?" என்றார்.

வைத்திருக்கிறது. காற்றோடு போனது எவ்வளவு என்று அவருக்குச் சொல்ல, எனக்கு இன்னும் ஒரு பருவம் வேண்டும்.