‘எஸ்இஏ’ என்றால் கடலா, காலி இருக்கையா?

தேக்காவில் காய்கறி வாங்கியாயிற்று. சக்கர நாற்காலியில் பாட்டி, உங்கள் கையில் இரண்டு பை. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கைப்பேசியிலுள்ள ஏஐ உதவியாளரிடம் கேட்கிறீர்கள்: “அடுத்த பஸ் எப்ப வரும்? பாட்டிய ஏத்த முடியுமா?”

அந்த உதவியாளர் சாலையை எட்டிப் பார்த்துப் பதில் சொல்லப் போவதில்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் ‘டேட்டாமால்’ என்ற பெயரில் திறந்து வைத்திருக்கும் தரவுச் சேவையிடம்தான் கேட்க வேண்டும். அங்கிருந்து வரும் விடை நம்மைப் போன்றவர்கள் வாசிப்பதற்கு ஏற்ற வடிவில் இருக்காது. பேருந்தில் கூட்டம் எவ்வளவு என்பதற்கு ‘எஸ்இஏ’, ‘எஸ்டிஏ’, ‘எல்எஸ்டி’ என்று மூன்று மூன்று எழுத்துகள். முதலாவதை ஆங்கிலச் சொல்லாக வாசித்தால் கடல்! உண்மையில், உட்கார இடம் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது, நிற்க இடமுண்டு. மூன்றாவது, நிற்பதற்கும் நெருக்கடி. சக்கர நாற்காலியை ஏற்றக்கூடிய பேருந்து என்றால் ‘டபிள்யூஏபி’ என்று வரும். இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

இவற்றை எல்லாம் ஆணையத்தின் வழிகாட்டிக் கையேடு விளக்குகிறது. இதுவரை அதை ஒரு நிரலாளர் படித்துச் செயலியாக மாற்றித் தந்தார். நாம் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களைப் பார்த்துப் பழகிக்கொண்டோம். இப்போது அந்த நிரலாளர் நடுவில் இல்லாமலேயே ‘ஏஐ முகவர்’ எனப்படும் மென்பொருள் நேராகச் சேவையைக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறது. பேசுவதோடு நிற்காமல் காரியத்தையும் முடிக்கும் ரகம் இது. நாள்காட்டியைத் திறக்கும், மின்னஞ்சல் அனுப்பும், கோப்பைத் திருத்தும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் சில வரிக் குறிப்பு. அந்தக் கருவியைப் பற்றி முகவருக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சில வரிகள்தான். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘எம்சிபி’ என்ற பொது நெறிமுறையை 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு இப்படிக் குறிப்போடு வரும் கருவிகள் பெருகிவிட்டன.

வானொலியில் விடுப்பில் போகும் படைப்பாளர், தன் இடத்துக்கு வருபவருக்கு ஒரு தாள் எழுதி வைப்பது வழக்கம். ‘எட்டு மணிக்கு வழக்கமான விளம்பரம்’ என்று எழுதியிருந்தால் வருபவர் அடுத்த அறைக்குப் போய், “அண்ணே, வழக்கமானதுன்னா எது?” என்று கேட்டுக்கொள்வார். முகவருக்கு அடுத்த அறை கிடையாது. கேள் என்று சொல்லி வைக்காவிட்டால், பல நேரங்களில் தானே ஒன்றை ஊகித்துக்கொண்டு போய்விடும். தயக்கமே இல்லாத குரலில் பதிலும் சொல்லும்.

பேருந்து நிறுத்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து இலக்கம். விக்டோரியா ஸ்திரீட்டில் ஒரு நிறுத்தத்தின் எண் 01012. அதைக் கணக்கு எண்ணாக நினைத்தால் முன்னாலிருக்கும் பூச்சியம் உதிர்ந்து 1012 ஆகிவிடும். அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. ‘ஐந்து இலக்கம், பூச்சியத்தை விட்டுவிடாதே’ என்ற ஒரு வரி போதும். தவறாக வந்தால் ‘பிழை’ என்று மட்டும் முகத்தில் அடிக்காமல் ‘நான்கு இலக்கம்தான் இருக்கிறது, ஐந்து வேண்டும்’ என்று கருவி சொன்னால் முகவர் தானே திருத்திக்கொள்ளும்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. அதே தரவில், பேருந்து கண்காணிக்கப்படுகிறதா என்று ஓர் இடம் உண்டு. 1 என்றால், பேருந்து இப்போது இருக்கும் இடத்தை வைத்துக் கணித்த நேரம். 0 என்றால், வெறும் அட்டவணை நேரம். இதை விளக்காமல் விட்டால் இரண்டுக்கும் ஒரே மாதிரி “நான்கு நிமிடத்தில் வரும்” என்று முகவர் சொல்லிவிடும். வெயிலில் பாட்டியோடு நிற்பவருக்கு அந்த வேறுபாடு சின்ன விஷயமா?

மென்பொருள் நிறுவனங்களும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. ஆந்த்ரோபிக் உருவாக்கிய ஒரு முகவர் கோப்புகளைக் கையாளும்போது தடுமாறியது. ‘பக்கத்து அலமாரி’ என்பதுபோல, இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறும் முகவரியைக் கருவி ஏற்றுக்கொண்டதுதான் காரணம். எப்போதும் முழு முகவரி தேவை என்று கருவியை மாற்றியதும் தடுமாற்றம் நின்றது. அவர்களுடைய இணையத் தேடல் கருவியில் இன்னொரு வேடிக்கை. முகவர் தேவையில்லாமல் ஒவ்வொரு தேடலிலும் ‘2025’ என்று சேர்த்துக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்தது கருவிக்கான விளக்கத்தில் செய்த திருத்தம்தான்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதிக் குவிப்பதும் உதவாது. குறிப்பு நீண்டால் முக்கியமான வரி அதற்குள் புதைந்துபோகும். இன்னொன்று: குறிப்பு என்பது அறிவிப்புப் பலகை, பூட்டு இல்லை. ‘கேட்காமல் அழிக்காதே’ என்று எழுதிவிட்டு, அழிக்கும் அனுமதியைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து. குறிப்பிலேயே நஞ்சு கலக்கவும் முடியும். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள், கருவியின் விளக்கத்துக்குள் மறைவாக ஒரு கட்டளையை எழுதி, பயனரின் தனிப்பட்ட கோப்புகளை முகவர் வெளியே அனுப்பும்படி செய்ய முடியும் என்று காட்டினார்கள். திரையில் நாம் பார்ப்பது கருவியின் பெயரை மட்டும். முகவர் படிப்பது முழுக் குறிப்பையும்.

சரி, நல்ல குறிப்பை யார் எழுதுவது? நிரலாளர் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. முகப்பில் வாடிக்கையாளரைப் பார்ப்பவர், கிடங்கில் பொருளை எண்ணுபவர், கணக்குப் பிரிவில் இருப்பவர், இவர்களுக்குத்தான் ஒரு சொல் தங்கள் அலுவலகத்தில் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று தெரியும். ‘நிலுவை’ என்றால் ஒரு பிரிவில் பணம் வரவில்லை, இன்னொரு பிரிவில் கையெழுத்து ஆகவில்லை.

நம் வீட்டுப் பெயர்களையே பாருங்கள். விமானச் சீட்டுப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு பெட்டி இருக்கும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயர்தான். சிங்கப்பூரில் நடுவே ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ வரும். மலேசியாவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ வரும். நாளைக்கு முகவர் நமக்காகச் சீட்டு வாங்கும்போது அந்தப் பெட்டியில் எதைப் போடும்? சீட்டிலுள்ள பெயரும் கடப்பிதழில் உள்ள பெயரும் பொருந்த வேண்டுமே. அந்த விமான நிறுவனம் எதை எதிர்பார்க்கிறது என்பது கருவியின் குறிப்பில் இருந்தாக வேண்டும். கூடவே, ‘குடும்பப் பெயர் இல்லாத பயணிகள் உண்டு, ஊகிக்காதே, அவர்களையே கேள்’ என்று ஒரு வரியும். குடும்பப் பெயரோடு வளர்ந்தவருக்கு அந்த வரி தோன்றாமலே போகலாம். ஒவ்வொரு படிவத்திலும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிய நம் பிள்ளைகளுக்கு அது உடனே தோன்றும்.