கினாபாத்தாங்கான் ஆற்றில் மூன்று நாட்கள்

போர்னியோ தீவின் வடகிழக்கில், மலேசியாவின் சபா மாநிலத்தில், கினாபாத்தாங்கான் ஆறு 560 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடிச் சூலு கடலில் கலக்கிறது. நீளத்தில் அது மலேசியாவின் இரண்டாவது ஆறு. படகில் அமர்ந்தபடியே மழைக்காட்டு விலங்குகளைக் காண ஆசியாவில் இதற்கு இணையான இடம் அரிது என்று கேள்வியுற்று, சென்ற ஆகஸ்டில் இரு குடும்பத்தினராக அங்கே சென்று மூன்று நாட்கள் தங்கினோம். கேள்வியுற்றது உண்மையே. அந்த உண்மைக்குக் காரணம் என்ன என்பதை அங்கு சென்ற பிறகுதான் அறிந்தோம்.

கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கான் நகருக்கு விமானம். அங்கிருந்து சுக்காவ் கிராமத்திற்குச் சாலைவழியே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். மழைக்காட்டை எதிர்பார்த்துச் சாளரத்தோரம் அமர்ந்த பிள்ளைகள் கண்டதெல்லாம் எண்ணெய்ப்பனை. மலேசியத் தமிழர் செம்பனை என்று வழங்கும் அந்த மரங்கள் மேட்டிலும் பள்ளத்திலும், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை, ஒரே உயரத்தில் அணிவகுத்து நின்றன. பழக்குலைகளை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. "காடு எப்போது வரும்?" என்று இளையவன் நான்கு முறையாவது கேட்டிருப்பான்.

காடு ஆற்றங்கரையில்தான் வந்தது. மாலை நான்கு மணிக்குப் படகு புறப்பட்டது. படகோட்டி அந்த ஆற்றங்கரை மக்களாகிய ஓராங் சுங்கை இனத்தைச் சேர்ந்த இளைஞர். 'ஆற்று மனிதர்' என்பதே அப்பெயரின் பொருள். மெனாங்குல் என்னும் கிளையாற்றுக்குள் நுழைந்ததும் பெட்ரோல் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓசையற்ற மின்மோட்டாருக்கு மாறினார். கால் மணி நேரத்திற்குள் முதல் நீள்மூக்குக் குரங்குக் கூட்டம் தென்பட்டது.

உலகில் போர்னியோவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இக்குரங்கைப் பற்றிச் சற்று விரித்துக் கூறத்தான் வேண்டும். ஆண் குரங்கின் மூக்கு வாயை மறைத்துத் தொங்கும். உண்ணும்போது சில வேளைகளில் அதைக் கையால் விலக்கிக்கொள்ளவும் நேரும். சிவந்த மேனி, பெருத்த வயிறு, நீண்ட மூக்கு ஆகியவற்றைக் கண்ட உள்ளூர் மக்கள் குடியேற்றக் காலத்தில் இதற்கு 'டச்சுக்காரன்' என்று பெயரிட்டனராம். வயிறு பெருத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இலைகளையும் பழுக்காத காய்களையும் நொதிக்க வைத்துச் செரிக்கும் பல அறைகள் கொண்ட இரைப்பை அது. இனிப்பான கனிகளைத் தின்றால் வயிறு ஊதித் துன்புறும். மாடுகளைப் போல உண்டதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து இவை அசைபோடுவதை ஆய்வாளர்கள் 2011-இல் அறிவித்தனர். அதைக் கண்டறிந்ததும் இதே மெனாங்குல் கரையில்தான். கால்விரல்களுக்கிடையே சவ்வு இருப்பதால் நன்றாக நீந்தவும் வல்லவை.

மாலையானதும் இக்குரங்குகள் நீரோர மரங்களுக்கு வந்துவிடுகின்றன. மேகச்சிறுத்தை போன்ற பகைவிலங்குகளிடமிருந்து தப்புவதற்காக இப்படி உறங்குகின்றன என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு மரத்தில் ஆண் ஒன்று, பெண்கள், குட்டிகள் என ஒரு குடும்பம்; அடுத்த மரத்தில் துணையற்ற இளம் ஆண்களின் கூட்டம். ஒரு குட்டி கிளைவிட்டுக் கிளை தாவ அஞ்சி நின்றபோது, தாய் திரும்பி வந்து அதை அணைத்துக்கொண்டு தாவியது. படகில் ஒருவரும் பேசவில்லை. கேமராவை எடுக்கவும் மறந்திருந்தோம்.

மறுநாள் விடியலில் இருவாட்சிகளைக் கண்டோம். இப்பகுதியில் எட்டு வகை இருவாட்சிகள் வாழ்கின்றன. நாங்கள் கண்டவை மூன்று. வால்பாறையில் அவற்றின் சிறகோசையைக் கேட்டவர்களுக்கு இங்கு எழும் ஓசை புதிதன்று. சேற்றில் வாய்பிளந்து கிடந்த உவர்நீர் முதலை, கிளையில் சிறகுலர்த்திய பாம்புத்தாரா, உடும்புகள், எண்ணிலடங்கா மீன்கொத்திகள் என்று காலை முழுதும் குறைவில்லை. யானைகளை மட்டும் காணவில்லை. கரையில் மிதிபட்ட நாணலும் புதிய சாணமும் அவை முந்தைய இரவு வந்துபோனதைக் காட்டின. போர்னியோ யானை நம் யானையைவிடச் சிறியது. காடுகளில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ ஆயிரமே என்ற மதிப்பீட்டுடன் 2024-இல் அது அழிவாபத்தில் உள்ள விலங்காக அறிவிக்கப்பட்டது.

இத்தனை விலங்குகள் இத்துணை எளிதாகக் கண்ணில் படுவானேன்? படகோட்டியிடம் கேட்டோம். அவர் கரையைச் சுட்டி, "இந்த மரங்களுக்குப் பின்னால் சிறிது தூரம் நடந்தால் தோட்டம் வந்துவிடும். அவை வேறு எங்கே போகும்?" என்றார்.

1950களில் தொடங்கிய மரவெட்டும், 1980களுக்குப் பின் பரவிய எண்ணெய்ப்பனையும் ஆற்றுச் சமவெளிக் காட்டைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. 2005-இல் வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 26,000 ஹெக்டேரும் ஒரே பரப்பாக இல்லை. ஆற்றோரமாகப் பத்துத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. சில இடங்களில் காடு மெல்லிய நாடாவாகவே எஞ்சியிருக்கிறது. அகன்ற காட்டில் பரவி வாழவேண்டியவை அந்த நாடாவுக்குள் நெருங்கி நிற்பதால்தான் நம் கண்ணில் படுகின்றன. ஒரு கணக்கில் நாள்தோறும் வரவுசெலவு நடப்பதைக் கண்டு இருப்பு மிகுதி என்று எண்ணிவிடுவதைப் போன்றதே கினாபாத்தாங்கானின் செழிப்பும்.

துண்டுகளை இணைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஒராங்குட்டான் நீந்தாது. முன்பு கிளைகள் பின்னிக் கிடந்த கிளையாறுகளின் குறுக்கே பெருமரங்கள் இல்லாமற்போகவே அதன் வழி அடைபட்டது. 'ஹூத்தான்' என்னும் தொண்டு நிறுவனமும் வனவிலங்குத் துறையும் 2003 முதல் கயிற்றுப் பாலங்களைக் கட்டின. ஒராங்குட்டான் அதில் செல்லும் படம் கிடைத்ததோ 2010-இல்தான். ஏழாண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள்! வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே கட்டிய பாலங்கள் எங்கள் நினைவுக்கு வந்தன.

மூன்றாம் நாள் பத்து பூத்தே கிராமத்தில் இறங்கினோம். வங்கித் தொழிலில் இருப்பவர்களுக்கு அக்கிராமக் கூட்டுறவுச் சங்கமும் காணத்தக்கதுதான். 1997-இல் சிற்றூர் மக்களின் முயற்சியாகத் தொடங்கி, பின்னர் 'கோபெல்' என்ற சங்கமாக வளர்ந்தது. விருந்தினரை ஏற்கும் வீடுகள், படகுகள், வழிகாட்டிகள் அனைத்தையும் அது முறைவைத்து நடத்துகிறது. அழிந்த காட்டில் மரக்கன்று நடும் பணியிலும் ஈடுபடுகிறது. நின்ற மரத்திலிருந்தும் கிராமத்துக்கு வருவாய் கிட்டும் என்பதை அங்கே கண்டோம்.

தோட்டங்களை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. எங்கள் படகோட்டியின் அண்ணன் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார். உலகிலேயே பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதும் அதுவே. ஒரு ஹெக்டேரில் சோயாவைவிடப் பன்மடங்கு எண்ணெய் தரும் பயிரை ஒதுக்கினால், அதே எண்ணெய்க்கு இன்னும் பெருநிலம் வேண்டியிருக்கும். ஆதலால் எதைப் பயிரிடுகிறோம் என்பதைக் காட்டிலும் எங்கே பயிரிடுகிறோம் என்பதே முதன்மையான கேள்வி. 2021-இல் நடுவண் அரசு 11,040 கோடி ரூபாயில் அறிவித்த எண்ணெய்ப்பனை இயக்கம் வடகிழக்கு மாநிலங்களையும் அந்தமானையும் சிறப்பாகக் குறிக்கிறது. அவையும் மழைக்காட்டு நிலங்களே. அங்கே கடன் வழங்கும் நம்மைப் போன்றோர் சுக்காவ் சாலையை ஒருமுறை கடந்து வருவது நல்லது.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். ஆண்டின் இறுதியில் கனமழையும் வெள்ளமும் உண்டு. சபாவுக்கெனத் தனிக் குடிவரவுச் சோதனை இருப்பதால் கோலாலம்பூரிலிருந்து சென்றாலும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். வங்கி அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கான வசதியைப் புறப்படுமுன் நீங்களே இயக்கிவிட வேண்டும். சிற்றூர்களில் செலவிடக் கொஞ்சம் ரிங்கிட் ரொக்கமும் வேண்டும். யானையைக் கட்டாயம் காட்டுவோம் என்று வாக்களிக்கும் முகவரைத் தவிர்த்துவிடுங்கள்.